கண்ணைக் கெடுத்த சொட்டு மருந்து

எங்கள் சொந்தத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அத்தையின் கண் எப்படிப் போயிற்று என்றால், "கேம்ப்புல மருந்தை ஊத்திக் கெடுத்துப்போட்டாங்க" என்று யோசிக்காமல் சொல்வார்கள். அதோடு நிறுத்த மாட்டார்கள். "அவதான் கூட்டிட்டுப் போனா" என்று சேர்த்துக்கொள்வார்கள். 'அவ' என்பது என் அம்மா. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் இந்தப் பழி போகவில்லை. போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா இதையே ஆரம்பித்தார். அவருக்கும் சர்க்கரை. கண்ணைக் காட்டியதுண்டா என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில், அதுவும் பாயசத்தை வழித்துக்கொண்டே. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன். கல்யாண வீட்டில் சண்டை போட்டவள் என்ற பெயர் எனக்கும் வந்தாயிற்று. வரட்டும். நடந்ததை நடந்தபடி ஒரு முறையாவது சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ராசிபுரம். வீட்டுக்குள்ளேயே தறி. அத்தை அப்பாவின் அக்கா. வாழப்போன இடத்தில் புருஷன் சீக்கிரமே இறந்துவிட, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆனால் அண்டிப் பிழைக்க வந்தவள் போல ஒருநாளும் இருந்ததில்லை. அப்பாவை அதட்டுவாள், நூல் கொண்டுவரும் ஆளை அதட்டுவாள், எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துகிற எவனையும் அதட்டுவாள். அந்த அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய கண்.

தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழைகள், தீரும்போது, பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்போம். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளை எடுத்து, முறுக்கி விட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். வெண்பட்டுப் பாவு என்றால், அங்கே நூல் இருப்பதே மற்றவர்களுக்குச் சட்டென்று தெரியாது. அத்தை ஊர்க்கதை பேசிக்கொண்டே, எங்களைத் திட்டிக்கொண்டே பிணைப்பாள். ஒரு இழை மாறாது. தெருவில் எந்த வீட்டில் பாவு தீர்ந்தாலும் அத்தைக்குத்தான் ஆள் வரும். அந்தக் கண் போனால் தம்பி வீட்டில் தனக்கு என்ன இடம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குச் சர்க்கரை இருப்பது ஒரு கால் புண்ணால் தெரிய வந்தது. தறிக்குழியில் இறங்கும்போது பட்ட சின்னக் காயம், ஆறவே இல்லை. கடைவீதி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"இது இன்னிக்கு நேத்து வந்ததில்லீங்க. பல வருசமா உள்ளயே இருந்திருக்குது. கண்ணை ஒருக்காக் காட்டிருங்க. நல்லாத் தெரியறப்பவே காட்டோணும்."

சர்க்கரை வியாதி என்றால் காப்பியில் சர்க்கரை போடக்கூடாது. எங்கள் வீட்டுக்குப் புரிந்தது அவ்வளவுதான். அதனால் கருப்பட்டி போட்டுக் கொடுத்தார்கள். அது வேறு இது வேறாம். டாக்டர் கடைசியாகச் சொன்னது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. நல்லாத் தெரிகிற கண்ணைக் கொண்டுபோய் எதற்குக் காட்டுவது?

"பசியில்லாதப்பச் சோத்துக்கு உக்காரச் சொல்றாப்புல இருக்குது" என்று அத்தை சிரித்தாள். "என்ற கண்ணுக்கு என்ன கேடு? நீங்க ஊசி கோக்கறதுக்குள்ள நான் பாதிப் பாவு பிணைச்சுப்போடுவேன்."

அப்பாவும் சிரித்தார். இத்தனைக்கும் அவர் எப்படிப்பட்டவர்? அப்பா நூல் சிப்பத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு நூல்கண்டைக்கூட உள்ளே எடுக்க மாட்டார். தறியில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வீச்சு வீசுவார். அப்படியே விட்டால் துணி நெடுகப் பழுது ஓடும் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் அக்காவின் கண் விஷயத்தில் மட்டும், அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

உட்காராமல் இருந்தவள் அம்மா ஒருத்திதான். அவள் பிறந்த ஊரில் சர்க்கரைக்காரர் ஒருவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், சீக்கிரத்திலேயே சுவரைத் தடவும்படி ஆனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பெரிய பரீட்சை லீவில் என் பள்ளிக்கூடத்திலேயே கண் முகாம் போட்டபோது, அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் சாப்பிடாமல் உட்கார்ந்து சம்மதிக்க வைத்தாள். என் பள்ளிக்கூடம் என்பதால் வழிகாட்டி மாதிரி நானும் கூடவே போனேன்.

முகாம் என்றாலே அந்தக் காலத்தில் கண்புரைக்குத்தான். வராந்தா நிறையக் கிழவர்களும் கிழவிகளும். நாற்பதைத் தாண்டியிராத அத்தை அவர்களுக்கு நடுவில் கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். வாசலிலேயே ஒருவர் எழுத்து அட்டையைக் காட்டினார். அத்தை கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, "அதுக்கும் கீழ அச்சாபீசு பேரு போட்டிருக்குதுங்களே, அதையும் படிக்கட்டுங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

"கண்ணு தெரியாதவங்களே இத்தனை பேரு நிக்கறாங்க. நீங்க என்னத்துக்கு வந்தீங்க? போங்கம்மா" என்றார் அவர்.

அத்தை திரும்பிவிட்டாள். அம்மா நகரவில்லை. நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசத் தெரியாத அம்மா அன்றைக்குப் பேசினாள்.

"அவங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க. கடைவீதி டாக்டரு காட்டச் சொன்னாருங்க. டாக்டரம்மா பாக்காம நாங்க போகமாட்டோமுங்க."

முனகிக்கொண்டே உள்ளே விட்டார்கள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெள்ளை மேல்சட்டை போட்ட ஒருவர் வரிசையாக ஒவ்வொருவர் இமையையும் பிரித்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போனார். "கண்ணை மூடுங்க" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது எங்கள் ஆட்கள் மேல் மட்டுமில்லை, இந்த மனிதர் மேலும்தான். உள்ளே பார்ப்பதற்காகப் கண்பாவையை விரிக்கிற மருந்து இது, இன்றைக்கு முழுக்கக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள், தானாகச் சரியாகிவிடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகாது. அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கிய அறையில் டாக்டரம்மா அத்தையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். சின்ன வயசுக்காரர். வெளியே கூட்டம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கண்ணுலயும் உள்ள சின்னச் சின்னதா ரத்தம் கசிஞ்சிருக்கும்மா" என்றார். "பார்வைக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை. அதனாலதான் உங்களுக்குத் தெரியலை. இப்பவே மெட்ராஸ் போனீங்கன்னா, லேசர்னு ஒரு ஒளியை வெச்சு அது மேல போகாம அடக்கிடலாம். இருக்கற பார்வையைக் காப்பாத்திக்கலாம். போனதுக்கப்புறம் வந்தா யாராலயும் திருப்பித் தர முடியாது."

"ரத்தம் வந்தா வலிக்காதுங்களா?" என்று கேட்டாள் அத்தை.

"வலிக்காதும்மா. அதான் இதுல கஷ்டமே."

சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

வெளியே வெயிலில் காலை வைத்ததும் அத்தை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "ஊசியாக் குத்துதே" என்றாள். அவள் கையைப் பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வீட்டில் அன்றைக்கென்று புதுப் பாவு காத்துக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு நெய்ய வேண்டிய வேட்டி. அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டு, இழையை எடுக்கப் போனாள். எடுக்க முடியவில்லை. குனிந்தாள். இன்னும் குனிந்தாள். நெற்றி பாவில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"தம்பீ, இழையே காணோமேடா!"

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. அப்பா ஓடி வந்தார். தறி நின்றது. அக்கம்பக்கத்துத் தறிகளும் நின்றன.

"போறப்ப நல்லாத்தானே போச்சு எங்கக்கா? என்ன பண்ணிக் கூட்டியாந்தே?" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார்.

"டாக்டரம்மா உள்ள ரத்தம் கசியுதுன்னு சொன்னாங்க. மெட்ராசுக்கு…"

"கண்ணுக்குள்ள கண்டதை ஊத்துனாக் கசியாம என்ன பண்ணும்?"

இந்த நியாயத்துக்கு மேல் அங்கே எந்த நியாயமும் எடுபடவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா ஒரு மடி நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு வந்தாள். பூவைத் தண்ணீரில் நனைத்து அத்தையின் கண்கள் மேல் வைத்துத் துணியால் கட்டினார்கள். தெருவே எங்கள் வீட்டில்தான் இருந்தது. அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்தபோது அத்தைக்குக் கண் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்? மருந்தின் வேகம் போய்விட்டது. பூ வைக்காவிட்டாலும் தெரிந்திருக்கும், பூசணிக்காயை வைத்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் பெயரெல்லாம் பூவுக்கு. சொட்டு மருந்து கண்ணைக் கெடுத்தது, நந்தியாவட்டை காப்பாற்றியது. எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு அத்தை கையாலேயே ஜாக்கெட் துணி வைத்துக் கொடுத்தாள். அத்தை அன்றைக்கே பாவைப் பிணைத்து முடித்தாள். டாக்டரம்மா உள்ளே பார்த்த ரத்தத்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த வருஷம் முகாம் வந்தபோது எங்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் போகவில்லை. நல்ல கண்ணோடு போனால் குருட்டுக் கண்ணோடு அனுப்புவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அம்மா விட்டுவிடவில்லை. நல்ல நாள் பார்த்து, அப்பாவின் முகம் பார்த்து, மெல்ல ஆரம்பிப்பாள்.

"ஏனுங்க, ஒருக்கா மெட்ராசுக்கு…"

"நல்லா இருக்கற கண்ணைக் கெடுக்கப் பாத்தவ நீ. இனிக் கண்ணுங்கற பேச்சை இந்த ஊட்டுல எடுக்காதே."

அம்மா அத்தையிடமும் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "அண்ணி, வலிக்காதுன்னு சொன்னாங்களேங்க. நானே கூட வாரேனுங்க" என்பாள். அத்தை காதில் விழாதவள் போலப் பிணைத்துக்கொண்டிருப்பாள். அவள் பயந்துபோயிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு நாள் மங்கலிலேயே, கண் இல்லாவிட்டால் தான் என்னவாவோம் என்பதைப் பார்த்துவிட்டாளே. அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து மெட்ராஸில் இருந்தது. எங்கள் ஆட்கள் அவளை அதிலிருந்துதான் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது இடுப்பு வரைக்கும் முடி. அம்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை. அடுத்த முகாமும் வந்து போன பிறகு, தீபாவளி நெருங்கிய ஒரு நாள் அத்தை தறியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி! தறிக்கிட்ட நின்னு தலை வாராதேன்னு எத்தனை தடவை சொல்றது? வெள்ளைப் பாவுல உன்ற முடி கெடக்குது பாரு, கறுப்பா."

நான் தறிப் பக்கமே போகவில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? அடுத்த நாளும் முடி. அதற்கடுத்த நாளும் முடி. அத்தை இழைகளுக்கு நடுவில் விரலை விட்டு எடுத்து எடுத்துத் தரையில் உதறுவாள். எடுக்க எடுக்க வருகிறது என்று பல்லைக் கடிப்பாள். அம்மா எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டினாள். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். அப்படியும் முடி. ஒருநாள் அத்தை எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள். கடைசியில் அப்பா என்னைக் கடைவீதிக்குக் கூட்டிப்போய், பையனுக்கு வெட்டுகிற மாதிரி கிராப்பு வெட்ட வைத்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை "டேய் தம்பி" என்று கூப்பிட்டார்கள். செய்யாத தப்புக்கு முடியைப் பறிகொடுத்தவளின் ஆங்காரம் என்னவென்று எனக்குத் தெரியும்.

அது முடி இல்லை. சர்க்கரையால் கெட்டுப்போன கண்ணின் பின்புறத்தில் வலுவில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைக்குமாம். அவை உடைந்து கசிகிற ரத்தம் பார்வைக்குக் குறுக்கே முடி மாதிரி, ஒட்டடை மாதிரி மிதக்குமாம். கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்புமாம். மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் சொன்னதாக அம்மா பிற்பாடு சொன்னாள். ஆமாம், மெட்ராஸுக்குப் போனார்கள். ஒரு கண் முழுக்க இருண்டு, மறு கண்ணிலும் புகை அடைந்த பிறகு, அப்பாவே டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அந்த டாக்டரும் சொன்னாராம். ஊருக்குத் திரும்பி வந்து எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அன்றைக்கு முகாமில் ஊற்றிய மருந்து இத்தனை நாள் உள்ளே இருந்து இப்போது வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். அதன் பிறகு அத்தை இருந்த காலம் வரை சோறு பிசைந்து வைத்ததும், கைபிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனதும், தலைக்கு ஊற்றிவிட்டதும் அம்மாதான். பழியும் அவளுக்குத்தான். ஒருவருக்குக்கூட நா கூசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மெட்ராஸுக்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி. ஒட்ட வெட்டிய தலையோடு நான் நின்றுகொண்டிருக்கும்போது அத்தை மறுபடியும் கத்தினாள்.

"இதோ கெடக்குதே! இது யாருது?"

நான் அழவில்லை. அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "என்ற தலையில முடி எங்க இருக்குது? எல்லாரும் வந்து பாருங்க" என்று கூச்சல் போட்டேன். அப்பா இறங்கி வந்து பாவின் மேல் குனிந்து தேடினார். எதிர்வீட்டுக்காரம்மா வந்து தேடினாள். பந்தியில் என்னிடம் பேசிய அதே சித்தப்பாவும் தேடினார். அத்தை ஒரு இடத்தைக் காட்டி, அங்கே பார்த்ததும் இல்லை என்று வேறு இடத்தைக் காட்டி, கடைசியில் இரண்டு விரலால் எதையோ பிடித்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணுமே இல்லையேக்கா" என்றார் அப்பா. "பாவு சுத்தமா இருக்குது."

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, அத்தையின் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அண்ணி, இப்பத் தெரியுதுங்களா முடி?"

"தெரியுது."

கையை எடுத்து வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்பங்க?"

அத்தை பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "இப்ப இல்லையே" என்றாள்.

அம்மா தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அப்பா அவளை அதட்டவில்லை. எல்லாரும் ஏன் இப்படி வாயடைத்து நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்கள் அத்தனை பேரும் தேடிப் பார்த்து, என் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டதே, எனக்கு அது போதும். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினேன். என்னைத் "தம்பி" என்று கேலி செய்த ஒவ்வொரு பையன் வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன்.

"பாவுல முடியே இல்லையாமா! எங்க அத்தை கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதாமா!"

அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கத்தியதில்லை.